ஊற்றாமல் விட்ட ஒரு சொம்புத் தண்ணீர்

அந்த மலையைப் பற்றி எனக்கு முதலில் தெரிந்தது அதன் மேல் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்குதான். புனே கேம்ப் பகுதியில், பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய சந்தில் இருக்கும் ஒரு இரானி டீக்கடையில் அது சட்டம் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. பழுப்பு மலை, உச்சியில் வெள்ளை, அடிவாரத்தில் மண் நிறத்தில் வீடுகள். பி.எஸ்சி. படித்த மூன்று ஆண்டுகளும் அதற்கு நேர் கீழே இருந்த மேசையில் உட்கார்ந்துதான் வெண்ணெய் தடவிய பன் மஸ்காவை டீயில் தொட்டுத் தின்றேன். அது எந்த ஊர் என்று கேட்க ஒருநாளும் தோன்றவில்லை.

எம்.எஸ்சி. தாவரவியலில் சேர்ந்த ஆண்டு எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஈரானிலிருந்து ஒரு பெண் பிஎச்.டி. செய்ய வந்தாள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். மாதுளையில் எண்ணெய் சொட்டியதுபோல் புள்ளி விழுந்து பழம் வெடிக்கும் ஒரு நோய் உண்டு. மகாராஷ்டிர விவசாயிகள் அதைத் தேல்யா என்பார்கள். அதுதான் அவளுடைய ஆராய்ச்சி. பேராசிரியர் அவளை என் பொறுப்பில் விட்டார். சிம் கார்டு வாங்கித் தருவது, போலீஸ் பதிவுக்குக் கூட்டிப்போவது, ஆட்டோக்காரரிடம் மராத்தியில் பேசுவது எல்லாம் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் நான். ஒரு வெளிநாட்டுக்காரிக்கு நான் வழி காட்டுகிறேன் என்பதில் எனக்குக் கர்வம் இருந்தது. இருந்ததை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்த வாரச் சனிக்கிழமை அவளை டீக்கடைக்குக் கூட்டிப் போனேன். அவள் உட்காரவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கைக்குட்டையை டம்ளர் தண்ணீரில் நனைத்து, நாற்காலி மேல் ஏறி, கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

கல்லாவில் இருந்த சேட் இந்தியில் அதட்டினார். "இறங்கும்மா. அது சும்மா படம் இல்ல, எங்க அப்பா ஊரு. தொடைக்கறதுன்னா நாங்க தொடைச்சிக்குவோம்."

"முப்பது வருஷமா தொடைக்கல போலிருக்கே," என்றேன் நான்.

அவள் இறங்கவில்லை. "தஃப்த்," என்றாள். "என் பள்ளிக்கூட ஜன்னல்ல தெரியற மலை இது."

சேட் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். மூன்று ஆண்டுகளில் அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. அவருக்கு ஒரு கால் விந்துவது அன்றைக்குத்தான் தெரிந்தது. பக்கத்தில் வந்து, பாரசீகத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவள் பதில் சொன்னாள். அவர் முகம் சுளித்தது. பிறகு இருவரும் சிரித்தார்கள்.

அவர் கேட்டது, "ஆற்றுக்கு எந்தப் பக்கம்?" என்று. அவள் சொன்னது, "குளிர்ப் பக்கம்."

தஃப்த் என்பது யஸ்த் நகரத்திலிருந்து அரை மணி நேரம் மேலே ஏறினால் வரும் சிறிய மலையூர். நடுவில் ஓர் ஆறு, ஆண்டில் பாதி நாள் வெறும் கல்லாகக் கிடக்கும். அதன் ஒரு கரைக்கு வெப்பப் பக்கம் என்று பெயர், மறு கரைக்குக் குளிர்ப் பக்கம். நெருப்பை வணங்கும் பழைய குடும்பங்கள் ஒரு கரையிலும் முஸ்லிம் குடும்பங்கள் மறு கரையிலுமாக அந்தக் காலத்தில் இருந்தார்களாம். சேட்டின் அப்பா வெப்பப் பக்கத்துக் கரையிலிருந்து கிளம்பிப் பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் கப்பலிலுமாக வந்தவர். சேட் பிறந்தது புனேயில். அந்த ஊரை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனாலும், "குளிர்ப் பக்கத்துக்காரங்க எங்க ஆட்டை ஓட்டிட்டுப் போயிருவாங்க," என்று அவளிடம் சொன்னார், நேற்று நடந்த மாதிரி. "நீங்க எங்க மாதுளையைப் பறிச்சீங்க, அதுக்குத்தான்," என்றாள் அவள். அதற்குப் பிறகு அவளுக்குப் போடும் டீயில் மட்டும் குங்குமப்பூக் கற்கண்டு விழுந்தது. எனக்கு விழவில்லை. நான் எந்தக் கரையும் இல்லையே.

எங்கள் வீடு கட்கியில், வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள சந்தில். அப்பா அந்தத் தொழிற்சாலையில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை பார்க்கிறார். வேலூர் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான். ஆனால் நான் வாங்கிய சான்றிதழ்கள் எல்லாம் எந்த வரிசையில் பீரோவில் இருக்கின்றன என்று இருட்டிலும் எடுத்துத் தருவாள். விடுதிச் சாப்பாடு பிடிக்காமல் ஈரான்காரி இளைத்துக்கொண்டே போவதைப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

அம்மா சோறு போட்டாள். அவள் மரியாதையாக "வேண்டாம்" என்றாள். அம்மா போட்டாள். மறுபடி "வேண்டாம்" என்றாள். அம்மா போட்டாள். மூன்றாவது முறை கையை இலைக்கு மேல் வைத்து மறைத்தாள். அம்மா விரலிடுக்கு வழியாகவே சாம்பாரை விட்டாள்.

அவள் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். "எங்க ஊர்ல முதல் ரெண்டு வேண்டாம் மரியாதைக்கு. மூணாவது வேண்டாம் உண்மை. உங்க அம்மாவுக்கு எத்தனையாவது உண்மை?"

நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா யோசித்தாள். "ஏப்பம் வரணும்," என்றாள்.

அப்படித்தான் அவள் எங்கள் வீட்டுக்கு ஞாயிறுதோறும் வர ஆரம்பித்தாள். அம்மா அவளைக் கண்ணு என்று கூப்பிட்டாள். என்னை "ஏய்" என்றுதான் இன்றுவரை கூப்பிடுகிறாள்.

ஒரு நாள் அம்மா கேட்டாள். "இன்னா இவ, ஊரு ஊருன்றா. எப்டி கீதுன்னு சொல்லச் சொல்லு." அவளுக்கு வாயால் சொல்லத் தெரியவில்லை. எழுந்து போய்க் கோலமாவு டப்பாவைக் கொண்டுவந்து, எங்கள் சிமெண்ட் தரையில் உட்கார்ந்து ஊரை வரைந்தாள். முதலில் மலை. பிறகு ஆறு. ஆற்றின் குறுக்கே பாலம். குளிர்ப் பக்கத்தில் அவள் வீடு, வைக்கோலும் மண்ணும் குழைத்துப் பூசிய சுவர். மழை ஒரு துளி விழுந்தால்கூட அந்தச் சுவர் மணக்குமாம். வீட்டுக்குப் பின்னால் அப்பாவின் தோட்டம், நாற்பது மாதுளை. ஊர் நடுவில் ஒரு திடல். அதில் ஆள் உயரத்துக்கு நாலு மடங்கு ஒரு மரச் சட்டம் நிற்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் துக்க நாளில் கறுப்புத் துணி போர்த்தி ஊரே தோள் கொடுத்துத் தூக்குமாம். "தேரு," என்றாள் அம்மா, தெரிந்த விஷயமாக. "சக்கரம் கெடயாதா? தோள்லயே தூக்கறாங்களா? பாவம்."

பிறகு அம்மா கேட்டதுதான் எனக்கு மறக்கவில்லை. மலை, மரம், வீடு எதையும் கேட்கவில்லை. "தண்ணி எங்கேந்து வருது?" என்றாள்.

அவள் கோலமாவால் மலையிலிருந்து ஊர்வரை புள்ளி புள்ளியாக ஒரு கோடு போட்டாள். நிலத்துக்கு அடியில், பாட்டன் முப்பாட்டன் காலத்தில் கையால் தோண்டிய சுரங்கம். மலைத் தண்ணீர் அதற்குள்ளேயே ஊருக்கு வரும். தோட்டத்துக்கு முறை வைத்து விடுவார்கள். அவர்கள் தோட்டத்துக்கு எட்டு நாளைக்கு ஒரு தடவை, சில மணி நேரம். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் தூங்க மாட்டார்கள், கல்யாணம் இருந்தாலும் ஒரு ஆள் வாய்க்காலில் நிற்பான்.

"எங்க கொழா மாரிதான்," என்றாள் அம்மா. எங்கள் சந்தில் குழாய் காலையில் ஒன்றரை மணி நேரம் வரும். "மொறை தப்புனா அன்னிக்கு அவ்ளோதான்."

அந்தக் கோலத்தை அம்மா சாயங்காலம்வரை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

நவம்பரில் அவள் ஊரிலிருந்து வந்த ஒருவர் கையில் அவள் அப்பா மூன்று மாதுளம்பழம் கொடுத்தனுப்பினார். ஒன்று சேட்டுக்குப் போனது. அவர் அதை அறுக்கவில்லை. கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அது சுருங்கி, கறுத்து, மரக்கட்டை மாதிரி ஆன பிறகும் அங்கேயே இருந்தது. இன்னொன்று ஆய்வுக்கூடத்துக்கு. மூன்றாவதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எப்படிச் சாப்பிடுவது என்று காட்டினாள். தோலை உரிக்கக் கூடாது. இரண்டு கட்டைவிரலாலும் பழத்தைச் சுற்றிச் சுற்றி மெதுவாக அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே முத்தெல்லாம் உடைந்து, பழம் தண்ணீர்ப் பை மாதிரி ஆகும். அப்போது ஒரே இடத்தில் பல்லால் சின்ன ஓட்டை போட்டு உறிஞ்ச வேண்டும். அவசரப்பட்டால் வெடித்துவிடும். நான் அவசரப்பட்டேன். என் வெள்ளைச் சுரிதாரில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. "எம்.எஸ்சி. படிச்சவ கீறா பாரு," என்றாள் அம்மா. மிச்சத்தைத் தானே உறிஞ்சிவிட்டு, தோலை வாசலில் இருந்த தகர டின்னில் எறிந்தாள். மூன்று மாதம் கழித்து அந்த டின்னில் ஒரு செடி வந்தது. நாங்கள் ஆய்வுக்கூடத்தில் அளந்து, குறித்து, வலைக்குள் வைத்து வளர்த்த இருபது செடிகளையும்விட அது திடமாக வந்தது.

அவளுக்குத் தமிழில் மிகவும் பிடித்தது நாங்கள் விடைபெறும் முறை. முதல் நாள் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது அவள் இந்தியில் "நான் போறேன்" என்று அம்மாவிடம் சொல்ல, அம்மா வாயில் அடிக்காத குறையாக, "போறேன்னு சொல்லாத, போயிட்டு வரேன்னு சொல்லு," என்றாள். ஏன் என்று நான் விளக்கினேன். அவள் அதை ஆட்டோ ஸ்டாண்டுவரை சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எங்கள் வீட்டை விட்டுக் கிளம்பிய ஒவ்வொரு தடவையும் அதை அவள் தவறாமல் சொன்னாள். தெரிந்த தமிழ் பத்து வார்த்தை என்றால் அதில் இரண்டு அதுதான்.

அவர்கள் ஊரிலும் அப்படி ஒரு வழக்கம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதைத் தெரிந்துகொண்டதும் நல்லவிதமாக இல்லை.

இரண்டாம் ஆண்டில் மும்பையில் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் தனியாக வெளியூர் போவது அதுதான் முதல் தடவை. முந்தின நாளே அவள் எங்கள் வீட்டில் வந்து தங்கினாள், என் கட்டுரையைத் திருத்தினாள். விடிந்ததும் குளித்து, சாமி கும்பிட்டு, அம்மா வைத்த குங்குமத்தோடு படியிறங்கினேன். சந்து முனையைத் தாண்டவில்லை, பின்னால் சளக்கென்று சத்தம். திரும்பினால் வாசல்படியில் அவள் நிற்கிறாள், கையில் எங்கள் பித்தளைச் சொம்பு, முகமெல்லாம் சிரிப்பு. வாசலிலிருந்து சந்துவரை தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் வீடுகளில் ஒருவர் வெளியே போனதும் வாசலில் தண்ணீர் ஊற்றுவது ஒரே ஒரு போக்குக்குத்தான். பிணம் எடுத்துப் போன பிறகு வீட்டைக் கழுவி விடுவோம். உயிரோடு போகிறவர் பின்னால் ஊற்றுவது இல்லை. அவர் போய் ஒரு நாழிகைவரை பெருக்கக்கூட மாட்டோம்.

அம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "ஏய், வா. உள்ள வா. உக்காரு. தண்ணி குடி." குடித்தேன். "இன்னொரு தபா குடி." மறுபடி சாமி, மறுபடி குங்குமம். லோக்கல் ரயில் போயிற்று. சிவாஜிநகரில் பிடிக்க வேண்டிய மும்பை ரயிலும் போயிற்று. அடுத்த ரயிலில் போய், எல்லோரும் எழுந்து போகும் நேரத்தில் எட்டுப் பேருக்கு முன்னால் என் கட்டுரையை வாசித்தேன்.

அவள் அழுதாள் என்று பிறகு தெரிந்தது. அவர்கள் ஊரில் பயணம் போகிறவர் பின்னால் தண்ணீர் ஊற்றுவது, போனவர் தண்ணீர் மாதிரி தடையில்லாமல் போய், சீக்கிரம் திரும்பி வர வேண்டும் என்பதற்கு. கிண்ணத்தில் ஒரு பச்சை இலை போட்டு, வீட்டு வாசலில் நின்று ஊற்றுவார்கள். எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் ஊரில் ஒரு கிண்ணத் தண்ணீரைத் தெருவில் ஊற்றுவது எல்லோருக்கும் செய்கிற காரியமில்லை. எனக்குச் செய்தாள்.

நான் அம்மாவிடம் இதை எல்லாம் சொன்னேன். கொஞ்சம் மேட்டிமையாகவே சொன்னேன். இந்த மாதிரி நம்பிக்கைகளை எல்லாம் நான் தாண்டிவிட்டேன் என்ற குரலில் பேசினேன்.

"அவ தெரியாம செஞ்சா. அவ மேல எனக்கு இன்னா கோவம்?" என்றாள் அம்மா. "ஆனா இந்த வாசல்ல அது ஆகாது. நீயும் ஊத்தாத, யாருக்கும்."

சேட்டிடம் அவள் இதைச் சொல்லி வருத்தப்பட்டபோது அவர் பன்னை அறுத்துக்கொண்டே, "எங்க அப்பாவுக்கும் ஊத்தித்தான் அனுப்புனாங்களாம், ஒரு குடம்," என்றார். "திரும்பிப் போனாரா மனுஷன்? இங்கயே வெண்ணெய் தடவித் தடவிச் செத்தாரு. உங்க குளிர்ப் பக்கத்துத் தண்ணியா இருந்திருக்கும்." அவள் சிரித்துவிட்டாள். அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வந்தாள். அம்மா வழக்கம்போல மூன்று "வேண்டாம்"களையும் மதிக்கவில்லை.

இந்த ஜனவரியில் அவள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. மூன்று வாரம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று டிக்கெட் எடுத்தாள். நான் அதற்குள் படிப்பை முடித்து, அதே ஆய்வுக்கூடத்தில் திட்ட உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். அவளுடைய இருபது செடிகளுக்கு எந்த நாளில் எத்தனை மில்லி தண்ணீர் என்று பட்டியல் எழுதிக் கொடுத்தாள். விமான நிலையம் லோஹேகாவில்; அவள் விடுதியிலிருந்து நேராகப் போனால் அரை மணி நேரம். கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். மூன்று தடவை வேண்டாம் என்றாள். "நான் உங்க வீட்டுக்கு வந்துட்டு அங்கேர்ந்து போறேன். வாசல் இருக்கற இடத்துலேர்ந்து கிளம்பணும்."

அப்போதே எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று இப்போது எழுதினால் அது பொய்.

டாக்ஸி எங்கள் வாசலுக்கு எதிரே, சந்து ஓரத்து வேப்பமரத்தடியில் நின்றது. அம்மா புளிச்சாதம் கட்டிக் கொடுத்தாள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுந்தாள். படியிறங்கினாள். அம்மாவைப் பார்த்து, சுத்தமான தமிழில், எங்கள் வேலூர் இழுப்போடு, "போயிட்டு வரேம்மா," என்றாள்.

"போயிட்டு வா கண்ணு," என்றாள் அம்மா.

வாசல்படிக்கு உள்பக்கம், கதவு மறைவில், நான் சொம்பில் தண்ணீர் எடுத்து வைத்திருந்தேன். துளசி இலை ஒன்று கிள்ளிப் போட்டிருந்தேன். கை நீட்டினால் எட்டும். அவள் டாக்ஸிக் கதவைத் திறந்து, ஏறாமல், ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. வாசல்படியைப் பார்த்தாள்.

அம்மா பக்கத்தில் நின்றதால் ஊற்றவில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. அவள் அப்பா படுக்கையில் கிடக்கிறார். அந்த நேரத்தில் வாசலில் தண்ணீர் என்று நினைத்ததும் எனக்குப் பிணம் எடுத்த வாசல்தான் நினைவுக்கு வந்தது. என் தாத்தாவைத் தூக்கிப் போன அன்று இதே வாசலைக் கழுவி விட்டது நான்தான். படித்தவள், தாவரவியல்காரி, நம்பிக்கைகளைத் தாண்டிவிட்டவள். என் கை சொம்பிடம் போகவில்லை. அவள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். டாக்ஸி போனது. எங்கள் வழக்கப்படி அவள் எல்லாம் செய்துவிட்டுப் போனாள். அவள் வழக்கப்படி நான் ஒன்றைச் செய்திருக்க வேண்டும்.

மூன்று வாரத்தில் அவள் வரவில்லை. அப்பாவுக்குக் கை திரும்பவில்லை. அப்புறம் விமானங்கள் நின்றன. அப்புறம் அந்த நாட்டில் இணையம் நின்றது. நான் அனுப்பிய செய்திகள் ஒற்றை டிக்கோடு வரிசையாக நின்றன. செடியின் படங்கள், சேட் அவளை விசாரித்தது, அம்மா கேட்டது எல்லாம். ஒவ்வொரு மாலையும் கேம்ப் கடைக்குப் போய் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்தேன். அவள் துடைத்த இடத்தில் மட்டும் மலை பளிச்சென்று இருந்தது. வட்டமாக, ஒரு முகம் அளவுக்கு. அந்த ஊரில் எந்தத் திருப்பத்தில் ரொட்டிக்கடை, எந்த வீட்டு மல்பெரிக் கிளை தெருவில் தொங்கும், பாலத்தில் எந்தப் பக்கம் வெயில் விழும் என்று எனக்குத் தெரியும். பார்க்காத ஊரை நினைத்து ஏங்க முடியுமா என்று என்னை யாராவது முன்பு கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். சேட்டைப் பார்த்தும் சிரித்தவள்தானே நான்.

"ஏதாச்சும் தெரிஞ்சுதா?" என்று கேட்பார் சேட்.

"இல்ல சேட்."

"குளிர்ப் பக்கத்துக்காரங்க சொன்ன நேரத்துக்கு வர மாட்டாங்க," என்பார். ஒரு நாள் என் டீயிலும் குங்குமப்பூக் கற்கண்டு போட்டிருந்தார்.

அவள் மே முடிவதற்குள் வந்து சேர வேண்டும். வந்து கையெழுத்திடாவிட்டால் ஆராய்ச்சிப் பதிவு ரத்தாகும். பேராசிரியர் நல்லவர், இரண்டு தடவை தள்ளிக் கொடுத்தார். மூன்றாவது தடவை அவர் கையிலும் இல்லை. மூன்று ஆண்டு உழைப்பு. இருபது செடிகள். என் ஞாயிற்றுக்கிழமைகள்.

மே மாதம் முதல் வாரத்தில் ஒரு நாள் என் செய்திகள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் இரண்டாவது டிக் விழுந்தது. பிறகு அவள் குரல் வந்தது. அப்பா எழுந்து உட்காருகிறார். தோட்டத்தை அவள்தான் பார்க்கிறாள். அன்றைக்கு அவர்கள் தண்ணீர் முறை, வாய்க்காலில் நின்றபடி பேசுகிறாள். பேச்சுக்குப் பின்னால் தண்ணீர் ஓடுவது கேட்டது. விசாவுக்கு எழுதியிருக்கிறேன், பதில் இல்லை, டிக்கெட்டும் இல்லை என்றாள். கடைசியில் சிரித்துக்கொண்டே, "நீ அன்னிக்கு ஊத்தியிருந்தா இவ்வளவு நாள் ஆகியிருக்காது," என்றாள்.

கேலிதான். அவள் கேலி செய்யும்போது குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் குரல் பதிவை நான் ஆய்வுக்கூடக் கழிப்பறையில் நின்று நாலு தடவை கேட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அன்று கதவு மறைவில் சொம்பு வைத்திருந்ததையும் சொன்னேன்.

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "பாத்தேன்," என்றாள். "துளசி போட்டிருந்த. நான்தான் அப்பறம் அத எடுத்து அடுப்படில வெச்சேன்." முறத்தை ஒருமுறை புடைத்தாள். "நீ ஊத்தியிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்." ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, "சொல்லியிருப்பேன்," என்றாள்.

மறுநாள் காலை நான் வெளியே வந்தபோது மாதுளைச் செடி வாசலில் இல்லை. அம்மா அதைத் தகர டின்னோடு இழுத்துக்கொண்டுபோய்ச் சந்து ஓரத்தில், வேப்பமரத்தடியில் வைத்திருந்தாள். அன்று டாக்ஸி நின்ற இடம்.

"ஏம்மா அங்க?"

"அங்கதான் வெயில் நல்லா படுது."

அங்கே வெயில் படாது. மத்தியானம்வரை வேப்பமர நிழல், பிறகு தொழிற்சாலைச் சுவர் நிழல். மாதுளைக்கு முழு வெயில் வேண்டும் என்று அம்மாவுக்கும் தெரியும். இரண்டு ஆண்டுக்கு மேலாக அதை வாசலில் வெயிலில் வைத்து வளர்த்தவள் அவள். குழாய்த் தண்ணீர் வந்த நேரம். அம்மா முதல் சொம்பை எடுத்துக்கொண்டு போய்ச் செடிக்கு ஊற்றினாள். ஊற்றிவிட்டு லோஹேகாவ் போகிற பாதையைச் சும்மா ஒரு தடவை பார்த்தாள்.

அதுமுதல் தினமும் அப்படித்தான். முறை வந்ததும் முதல் சொம்பு அதற்கு. அதன் பிறகுதான் குடம். பேராசிரியர் இன்னொரு கடிதம் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மே முடிய ஆறு நாள் இருக்கிறது.

இன்று காலை அம்மாவுக்கு முழங்கால் வலி. நான் ஊற்றினேன். ஒரு சொம்பில் மண் நிறைந்து, டின்னின் அடி ஓட்டை வழியாகத் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. மாதுளைக்கு நீர் தேங்கினால் வேர் அழுகும் என்று தேர்வில் மூன்று பக்கம் எழுதி முதல் மதிப்பெண் வாங்கியவள் நான். திரும்பிப் போய் இன்னொரு சொம்பு எடுத்து வந்தேன்.

வாசல்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மா, "போதும்டி. செடி செத்துரும்," என்றாள்.

"செடிக்கு இல்லம்மா."

எங்கள் வாசல்படியில் ஏறி நின்று, சந்தைப் பார்த்து ஊற்றினேன். தண்ணீர் படியிறங்கி, கல் இடுக்கில் புகுந்து, வேப்பமரத்தடிக்கு ஓடியது. அம்மா வலிக்கிற முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, தண்ணீர் போக வழிவிட்டாள்.